இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

முடிவெடுத்தாகிவிட்டது. இரண்டு டயரையும் மாற்றப்போகிறேன்! முன்னும் பின்னும், ஒரே நாளில், புத்தம் புதிதாக. இதை எழுதும்போதே கை துறுதுறுக்கிறது.

காரணம், இன்று காலை இலஞ்சியில் நடந்த கூத்து. கடை கடையாக அப்பளம், வத்தல் ஆர்டர் எடுக்க வழக்கம்போல லைனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். லேசாகச் சாரல் விழுந்து ரோடு நனைந்திருந்தது. வாழைத்தார் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று எங்கிருந்தோ முளைத்து என் இடது ஹேண்டில்பாரில் உரசிவிட்டது. உரசியதும் தள்ளுவண்டிக்காரன், கத்தியதும் அவன். "கண்ண எங்க வச்சிக்கிட்டு வாரீரு?" என்றான். நான் விடுவேனா? "நீரு எங்க வச்சிருக்கீரு?" என்று நன்றாகக் கொடுத்துவிட்டு, ஓரமாக நிறுத்தி வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. பின் டயர் என் தலையைப் போலவே வழுவழுவென்று இருக்கிறது! கொஞ்ச நாளாகவே வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. போன மாதம் அச்சன்புதூரில் ஒரு ஆடு, அதற்கு முன்னால் எங்கள் கேட் தூண், மோதியது எல்லாம் இடது பக்கம்தான். மொட்டை டயரை வைத்துக்கொண்டு ஓட்டினால் வேறு என்ன ஆகும்?

வீட்டுக்கு வந்ததும் உலகம்மாளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை.

"டயர அப்புறம் மாத்தலாம். மொதல்ல கண்ணக் காட்டுங்க."

டயருக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? முப்பது வருஷமாக இவளோடு குடித்தனம் செய்கிறேன், இவள் கணக்கு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஜூன் 5, வியாழன்

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மசூது பாய் டயர் கடை. உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் புது ரப்பர் வாசனை இருக்கிறதே, ஆகா! இத்தனை நாள் பஞ்சர் ஒட்டத்தான் அங்கே போயிருக்கிறேன். வாங்குகிறவனாகப் போவதே ஒரு கெத்துதான்.

"என்ன அண்ணாச்சி, பஞ்சரா?"

"பஞ்சரா! டயர் வாங்க வந்திருக்கேன் பாய். ரெண்டு!"

பாய் ஸ்டூலை எடுத்துப் போட்டார், டீ சொன்னார். மூன்று டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. (உலகம்மாள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

முதல் டயர் கெட்டி ரப்பர். தட்டினால் டங்கென்றது. "வண்டி ஓஞ்சாலும் இது ஓயாது அண்ணாச்சி" என்றார் பாய்.

"நனஞ்ச ரோட்டுல பிடிக்குமா?"

"அத மட்டும் கேட்டுறாதீங்கன்னு பாத்தேன், கேட்டுட்டிய."

இரண்டாவது டயர் மெத்து. நகத்தை வைத்து அழுத்தினால் பதிகிறது. தண்ணீர் ஓடுவதற்கு நடுவிலிருந்து ஓரம் வரை ஆழமாக வெட்டு விட்டிருக்கிறார்கள். ரோட்டை அப்பிப் பிடிக்குமாம், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். மூன்றாவது, அட அட அட! தடித்த டயர். இளவட்டங்கள் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் பறக்கிறான்களே, அந்த டயர். ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஓர் ஆசை வரக்கூடாதுதான். வந்துவிட்டது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தேன்.

"கீழ வைங்க அண்ணாச்சி. உங்க வண்டிக்கு இது செயின் கவர்ல உரசும். வண்டி வேகமும் எடுக்காது, மைலேஜும் கெடைக்காது. இத வித்துட்டு நாளைக்கு உங்க மூஞ்சில முழிக்க எனக்கு முடியாது."

வியாபாரி என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனாலும் மனிதருக்குச் சில விஷயம் தெரியவில்லை. என் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி மொட்டைதான், ஒத்துக்கிடுதேன். முன் டயரு நல்லாத்தான இருக்கு? அத எதுக்கு மாத்துதிய?" என்றார்.

"எடது பக்கம் இழுக்கு பாய்."

"அப்படி இழுத்தா டயரு ஒரு பக்கமால்லா தேயும்? இது ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தேஞ்சிருக்கு."

சொன்னதோடு விட்டாரா? சாவியை வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். "ரெண்டு கையும் விட்டுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. நேராத்தான் போவுது" என்றார். பழகாத கைக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வண்டியின் குணம் அதை ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். யோசிப்பதும் ஒரு சுகம்தானே!

ஜூன் 6, வெள்ளி

மனசு சரியில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நானும் உலகம்மாளும் வண்டியில் உலகம்மன் கோயிலுக்குப் போவோம். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம், அப்போது சைக்கிள். இன்று வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறேன், அவள் பூக்கூடையோடு வந்து என்னைத் தாண்டிப் போகிறாள்.

"நான் மினி பஸ்ஸுல போய்க்கிடுதேன். நீங்க பின்னால வாங்க."

"ஏட்டி, என்ன ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணும் ஆவல. ஆவறதுக்கு முன்னாடி எறங்கிக்கிடுதேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மொட்டை டயரில் யாருக்குத்தான் உட்காரப் பயமில்லை? சமீப காலமாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சட்டையைப் பிடித்து இழுப்பதும், "எடது பக்கம், எடது பக்கம்" என்று தொணதொணப்பதுமாகத்தான் வருகிறாள். டயர் பயம்! புது டயர் போட்டதும் தானாக வந்து ஏறுவாள். ஏறத்தான் போகிறாள், பார்க்கத்தானே போகிறேன்.

ஜூன் 7, சனி

இன்று லைனில் பார்த்த கடைக்காரர்கள் எல்லாரிடமும் டயர் பற்றிக் கேட்டேன். அப்பளக் கட்டு எத்தனை வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல அரை நாள் ஆக்குகிறவர்கள், டயர் என்றதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள்! பண்பொழி மளிகைக்காரர் கெட்டி ரப்பர்தான் வேண்டும் என்று சத்தியம் செய்கிறார். வடகரையில் ஒருவர் மெத்து டயர் போட்ட பிறகுதான் தனக்கு முதுகுவலி போனது என்கிறார். செங்கோட்டை ஓட்டல்காரர் குமிழ் குமிழாக ரப்பர் வைத்த பட்டன் டயர் போடச் சொல்கிறார், மலை ஏறுமாம். நான் எதற்கு ஐயா மலை ஏறப் போகிறேன்? கடைசியில் அவருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் என் டயரை வைத்துச் சண்டையே மூண்டுவிட்டது. நான் நைஸாக நழுவிவிட்டேன்.

ஆர்டர் ஒன்றும் சரியாக எடுக்கவில்லை. போகட்டும். எவ்வளவு நல்ல நாள்!

ஜூன் 9, திங்கள்

உலகம்மாள் வாயை அடைப்பதற்காகக் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டே வந்துவிட்டேன். எழுத்து அட்டையைத் தொங்கவிட்டார்கள். இடது கண், வலது கண், இரண்டிலும் மேலிருந்து கடைசி வரி வரை மடமடவென்று படித்துத் தள்ளினேன். கடைக்காரப் பெண்ணே அசந்துவிட்டாள். "இந்த வயசுல இப்படிப் படிக்கவங்க கொறச்சல் சார்" என்றாள். அட்டைக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்துப் பெயரையும் சேர்த்துப் படித்துக் காட்டினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எதுக்கும் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரில கண்ணுல பிரஷர் பாத்துருங்க சார், நரம்பு கொஞ்சம் வெளுத்தாப்ல தெரியுது" என்றாள். டயருக்குப் பிரஷர் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும். கண்ணுக்குமா? கண்ணாடி விற்க முடியவில்லை, அந்தக் கடுப்பில் ஏதோ சொல்கிறாள், பாவம்.

கடைசி வரி வரை படித்ததை உலகம்மாளிடம் சொன்னேன். பிரஷர் விஷயத்தைச் சொல்லவில்லை, அதைச் சொல்ல என்ன இருக்கிறது?

ஜூன் 11, புதன்

வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. அதே கேட் தூண். கழற்றிப் போட்டுவிட்டேன், அது இருந்தும் பெரிதாகப் பயன்படவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அவள் மினி பஸ்ஸில் போனாள். நான் பின்னாலேயே வண்டியில் போனேன். பிரகாரத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தற்செயலாகச் சந்தித்ததுபோல் கும்பிட்டுக்கொண்டோம். சிரிப்பாக வந்தது, சிரிக்க முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மெத்து டயர்தான்! முடிந்தது விஷயம்.

சீக்கிரம் தேயுமாம். தேயட்டுமே! சாரல் காலத்தில் நனைந்த ரோட்டில் நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். பின்னால் அவள் உட்காரப்போகிற வண்டி. டயர் நீண்ட நாள் உழைத்து, உட்கார ஆள் இல்லை என்றால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மசூது பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்ல முடிவு. ஆனா முன் டயரு..." என்று ஆரம்பித்தார். "ரெண்டும்!" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று மாட்டியாகிவிட்டது! சின்னப் பிள்ளை மாதிரி பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்து பார்த்தேன். லிவரை வைத்து நெம்பிப் பழைய டயரை உரித்தார்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் புதுசை ரிம்மில் ஏற்றினார்கள். காற்று ஏற ஏற "டப்" என்று ஒரு சத்தத்தோடு டயர் போய் ரிம்மில் உட்கார்ந்தது பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி உண்டு. அது சரியாக இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். டயரெல்லாம் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கிறது. கையால் வருடிக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

"புதுசுல மேல ஒரு வழவழப்பு இருக்கும் அண்ணாச்சி. ரெண்டு நாள் மெதுவாப் போங்க" என்றார் பாய்.

ஓட்டிக்கொண்டு வந்தேன். என்ன சொல்வது! வெண்ணெய் மாதிரி போகிறது. மேலகரம் திருப்பத்தில் வேண்டுமென்றே இரண்டு தடவை வளைத்து வளைத்து ஓட்டினேன். மூன்றாவது தடவை ஒரு ஆட்டோக்காரன் இடது பக்கமிருந்து ஏதோ கத்தினான், பொறாமை.

வீட்டு வாசலில் நிறுத்தி உலகம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் இளித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"சரி. நாளைக்குக் கோயிலுக்கு வாரேன்" என்றாள்.

வென்றுவிட்டேன்!

ஜூன் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நல்ல சாரல். உலகம்மாள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் ஏறியதும் வண்டி லேசாக அமுங்கும், அந்த அமுங்கல் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வழி நெடுக டயர் புராணம்தான். "பாத்தியா, தண்ணியக் கிழிச்சிக்கிட்டுப் போவுது பாரு! ஆடுதா? அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவளும் "ஆடல, ஆடல" என்று சிரித்தாள். கோயில் பக்கம் நெருங்கும்போது ரோடு முழுக்க ஈரம், மினுமினுவென்று இருந்தது. வேகமாக ஒன்றும் போகவில்லை.

திடீரென்று என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டு, "பிள்ள! பிள்ள! நிறுத்துங்க!" என்று அலறினாள்.

இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். வண்டி நின்றது. அந்த ஈரத்தில், ஆணி அடித்ததுபோல நின்றது! துளி வழுக்கவில்லை, பின்சக்கரம் ஒதுங்கவில்லை. முன் டயருக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது. பிறகு திறந்து என்னைப் பார்த்துவிட்டு, பெடலை மிதித்துப் போய்விட்டது.

"எங்கருந்துட்டி வந்துச்சு அது?" என்றேன்.

"அந்தத் தெருவுல இருந்து வந்துக்கிட்டேதாங்க இருந்துச்சு. நான் அங்க இருந்தே பாத்துக்கிட்டு வாரேன். பெல்லும் அடிச்சிச்சு. நீங்களும் பாத்திருப்பியன்னு நெனச்சேன்."

"எடது பக்கமா?"

"எடது பக்கந்தான்."

கீழே இறங்கிப் பார்த்தேன். டயர் பதிந்த தடம் நேராக இருந்தது. ஒரு விரல்கூட இடப்பக்கம் இழுக்கவில்லை. மசூது பாய் நல்ல சாமான்தான் கொடுத்திருக்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உலகம்மாள் மழையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கோயிலுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம்.

ஜூன் 21, சனி

வாசலில் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கேட் தூணைப் பார்த்தேன். பிறகு மாமரத்தை. பிறகு அடுப்படியில் நின்ற உலகம்மாளை. நேராகப் பார்த்தால் அவள் மூக்குத்தி வரை தெரிகிறது. அவளுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லைனுக்குப் போகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனோம்.

பிரஷர் பார்த்தார்கள், கண்ணுக்கும் பார்க்கத்தான் செய்கிறார்கள். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மிஷினுக்குள் தாடையை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டுமாம், சுற்றி எங்காவது வெளிச்சம் மினுக்கினால் பட்டனை அழுத்த வேண்டுமாம். எனக்கு இதுபோன்ற போட்டி என்றால் ரொம்பப் பிடிக்கும். ஆரம்பத்தில் உற்சாகமாக அழுத்தினேன். பிறகு மிஷின் உள்ளே "டிக், டிக்" என்று ஏதோ செய்துகொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றும் மினுக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. சும்மாவாவது அழுத்திவிடலாமா என்று கட்டைவிரல் பரபரத்தது. அழுத்தினால் யாருக்குத் தெரியும்? லைசென்ஸ் இருக்கும், லைன் இருக்கும், வண்டி இருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்தச் சிவப்பு ரிப்பன் பிள்ளையின் முகம் வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், பொறுமையாகச் சொன்னது. இடது கண்ணில் நடுவில் மட்டும்தான் பார்வை மிச்சமாம், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. அதனால்தான் எழுத்து அட்டையை எல்லாம் படிக்க முடிந்ததாம். வலது கண்ணிலும் ஓரம் போக ஆரம்பித்துவிட்டதாம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். "இனிமே வண்டி ஓட்டாதீங்கப்பா" என்றது.

"புது டயர் போட்டிருக்கேம்மா" என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. உலகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

அப்பளக் கம்பெனி முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தேன். அவர் யோசித்துவிட்டு, "டெலிவரி வேன் தெனமும் அதே லைன்லதான போவுது? முன்சீட்டுல ஏறிக்கிடும். கடைக்காரங்களுக்கு உம்ம மூஞ்சி வேணும்வே, உம்ம வண்டியா வேணும்?" என்றார். நல்ல மனுஷன். வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

வண்டியை என்ன செய்வது என்று உலகம்மாளிடம் கேட்டேன். மசூது பாய் நல்ல விலைக்கு ஆள் பார்க்கிறேன் என்கிறார்.

அவள் சோற்றை வைத்துக்கொண்டே, "அத எதுக்கு விக்கணும்? நான் ஓட்டுதேன்" என்றாள்.

எனக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. காலையிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். உலகம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்காரி! கிளச்சைப் பட்டென்று விட்டு விட்டு இன்ஜினை எத்தனையோ தடவை அணையவைத்தாள். நான் கத்தினேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். கடைசியில், அம்மாடி, உருண்டது! முதல் கியரில், அன்ன நடையாக, மைதானம் முழுக்க உருண்டது!

"ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். பின் சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை. பிடிக்க ஒன்றுமில்லை. கிளச் இல்லை, பிரேக் இல்லை, ஹேண்டில்பார் அவள் கையில். ஒரு ஆடு குறுக்கே வந்தது.

"ஆடு! ஏட்டி, ஆடு ஆடு ஆடு!"

"எனக்குத் தெரியுதுங்க."

வளைத்துக்கொண்டு போனாள். ஈர மண்ணில் டயர் கும்மென்று பிடித்தது. அதைச் சொல்லிக் கொண்டாடக்கூட எனக்கு நேரமில்லை. என் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதிமிதியென்று மிதித்துக்கொண்டே வந்தது. அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ, கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"என்ன, பிரேக்க மிதிக்கியளா?"

"ஆமா. நீயும் பின்னால உக்காந்து இப்படித்தான் மிதிச்சியோ?"

"மிதிச்சேன்."

"எப்ப இருந்து?"

வளைவு வந்தது, அதை நிதானமாகத் திரும்பி முடித்தாள்.

"போன தீவாளில இருந்து" என்றாள்.

கால் அப்படியே நின்றுவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "சரி, நிறுத்தாத. இன்னொரு சுத்து போ" என்றேன்.